கணக்குக் கேட்ட கதை – 19: பத்து ரூபாய் வில்லை

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு, கர்ணம், மணியம் என்ற ஊர் அதிகாரிப் பதவிகளைத் தமிழ்நாடு முழுக்க ஒரே வீச்சில் ஒழித்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். எதிர்த்து வழக்குப் போட்டவர்களுக்கு 1982-ல் உச்ச நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். சிட்டாவும் அடங்கலும் கணக்குப்பிள்ளை வீட்டுப் பெட்டியிலிருந்து அரசாங்க அலமாரிக்குக் குடிபெயர்ந்தன. 1792-க்குப் பிறகு கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் பாராமகாலிலும் சேலத்திலும் நிலம் அளந்து வரி போட்டபோது, கர்ணத்தின் ஏடு இல்லாமல் வேலை ஓடவில்லை. அந்த ஏட்டை அவர்கள் முழுசாக நம்பவும் இல்லை. அப்படிப்பட்ட ஏடு ஒருவழியாக வீட்டைவிட்டு வெளியே வந்தது. சேலம் மாவட்டத்து வாழப்பாடி, பேளூர், சிங்கிபுரம் பக்கத்துக் குடியானவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லும் உரிமை அப்போதும் ஊர்க்காரருக்கு இல்லை.

நிலக் கணக்காவது அவரவர் சொத்து. தன் பட்டாவை எப்படியோ அலைந்து வாங்கிவிடுவார்கள். ஊர்ப் பொதுப்பணத்தின் கணக்கு வேறு சங்கதி. 1958-ம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு ஒன்றியங்கள் உருவாகி, கிணறு, சாலை, பள்ளிக் கட்டடம் என்று பணம் கீழே வரத் தொடங்கியது. பல ஊர்களில் பஞ்சாயத்து ஆபீஸ் என்பது தலைவர் வீட்டு முன்னறைதான். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வவுச்சர் கட்டு எல்லாம் அங்கேயே இருக்கும். அந்த வீட்டுப் படியேறி, “போன வருஷம் கிணறு தூர்வாரின கணக்கைக் காட்டுங்க” என்று கேட்க யாருக்குத் துணிவு வரும்? கேட்பவர் அவருடைய தோட்டத்தில் கூலிக்குப் போகிறவராக இருந்தால் பேச்சே இல்லை.

இந்த இடத்தில் உத்திரமேரூரை இழுக்காமல் தமிழில் யாரும் கட்டுரை எழுதுவதில்லை, நானும் இழுத்துவிடுகிறேன். முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலைக் குடத்தில் இடக்கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் இடக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் இவ்வளவு கறாரா என்று மலைக்கத் தோன்றும். ஆனால் அது ஒரு பிராமணச் சபையின் உள்விதி. சொந்த நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ள ஆண்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கணக்கு அது. வயலில் நின்றவர் சபையைக் கேட்கலாம் என்று அந்தக் கல்லில் எங்கேயும் இல்லை. இந்தத் தொடரில் நாம் தேடிக்கொண்டிருப்பது வயலில் நின்ற அந்த ஆளைத்தான்.

அந்த ஆளுக்கு வழிவிடாமல் குறுக்கே நின்றது 1923-ம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம். உளவு பார்ப்பதைத் தடுக்க வெள்ளையர் போட்ட சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தது. தெருவிளக்குக்கு வாங்கிய பல்புக் கணக்கு நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்காது என்பது எந்த அலுவலருக்கும் தெரியும். இருந்தாலும் ‘ஆபீஸ் ரெக்கார்டு வெளியாளுக்குக் காட்டக் கூடாது’ என்பது வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் பாடமாக இருந்தது. 1975-ல் ராஜ் நாராயண் வழக்கில் நீதிபதி கே.கே.மேத்யூ, அரசின் பொதுக் காரியங்களை அறிந்துகொள்ளும் உரிமை மக்களுக்கு உண்டு என்று எழுதினார். அந்தத் தீர்ப்பு டெல்லியிலிருந்து ஒன்றிய அலுவலகத்து மேசைக்கு வந்துசேர முப்பது ஆண்டு ஆனது.

இங்கிலாந்திலும் நிலைமை அப்படியொன்றும் ஒழுங்காக இல்லை. உள்ளூர் மன்றக் கூட்டங்களில் பொதுமக்களையும் உட்கார விட வேண்டும் என்று 1960-ல்தான் சட்டம் வந்தது. அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து, அதையே தன் கன்னிப் பேச்சாகவும் ஆக்கிக்கொண்டவர் மார்கரெட் தாட்சர். கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும் தாள்களைப் பார்க்கும் உரிமைக்கு அவர்கள் 1985 வரை காத்திருந்தார்கள்.

நம் கதையின் திருப்பம் ராஜஸ்தானில் நடந்தது. சென்னையில் பிறந்து, 1968-ல் ஐ.ஏ.எஸ். ஆகி, எழுபதுகளின் நடுவில் அதை உதறிவிட்டுப் போன அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் 1990 மே 1 அன்று தேவ்டுங்ரி வட்டாரக் கூலிக்காரர்களோடு சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பிரச்சினை மிகச் சாதாரணமானது. பஞ்ச நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வரவில்லை. கேட்டால், “நீங்க செஞ்ச வேலை அவ்வளவுதான், அளவுப் புத்தகத்துல இருக்கு” என்றார்கள். அப்படியானால் அந்தப் புத்தகத்தைக் காட்டு என்றார்கள் கூலிக்காரர்கள். காட்ட முடியாது, அது ரகசியம் என்று பதில் வந்தது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. எப்படியோ கிடைத்த கூலிப் பட்டியலை, அதாவது மஸ்டர் ரோலை, ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி போயிருந்தது கூட்டத்துக்கு முன்னாலேயே அம்பலமானது.

அடுத்து நடந்ததை நாடகமாக எழுதினால் நம்பமாட்டார்கள். 1995 ஏப்ரலில் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத், பஞ்சாயத்துச் செலவு ஆவணங்களின் நகலை மக்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கழிந்தும் உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவரில் தர்ணா தொடங்கி நாற்பது நாள் நீடித்தது. அப்போதும் முடியவில்லை. 1997 கோடையில் ஜெய்ப்பூரில் இன்னொரு தர்ணா, ஐம்பத்து மூன்று நாள். அதன் கடைசியில் துணை முதல்வர் ஒரு தகவலைச் சொன்னார்: நகல் கொடுக்கும் விதி ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வந்துவிட்டதாம். வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. வெளிப்படைத்தன்மைக்கான உத்தரவையே ஒளித்துவைத்திருந்தார்கள்.

இதே 1997-ல் சென்னையில் என்ன நடந்தது என்பது இங்கே பலருக்கு மறந்துபோன சங்கதி. சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த ஆண்டு, ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்த ஆண்டாக நினைவிருக்கும். அதே ஆண்டில்தான் கருணாநிதி அரசு தமிழ்நாடு தகவல் பெறும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் எந்த மாநிலமும் அதுவரை அப்படியொரு சட்டம் போட்டதில்லை. கோவா அதற்குப் பின்னால்தான் வந்தது. யாரும் தர்ணா உட்காரவில்லை, ஊர்வலம் போகவில்லை. மேலிருந்து தானாக இறங்கி வந்தது.

அதனால்தான் அது உதவவில்லை என்பது என் கருத்து. சட்டத்தைப் படித்தால், எதைத் தரலாம் என்பதைவிட எதைத் தர வேண்டாம் என்பதற்கே இடம் அதிகம். இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகள். தகவல் தராத அலுவலருக்குத் தண்டனை கிடையாது. மேல்முறையீடு செய்ய அரசுக்கு வெளியே சுதந்திரமான ஆணையம் கிடையாது. கேட்காமலேயே அலுவலகங்கள் வெளியிட வேண்டியவை என்று ஒன்றும் இல்லை. கூலிக்காரர் கையில் அடிபட்டு உருவான சட்டமாக இருந்திருந்தால் இந்த ஓட்டைகள் முதல் நாளே தெரிந்திருக்கும். வாழப்பாடி பஸ் நிலையத்தில் அன்றைக்கு நின்று இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தால், அரசியல் பேசுகிறவர்கள்கூட காவிரிப் பிரச்சினைக்காக மத்திய அமைச்சர் பதவியைத் துறந்த தங்கள் ஊர் ராமமூர்த்தியைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்.

சென்னைக்குச் சேர வேண்டிய ஒரு பெருமையை மறைக்கக்கூடாது. 1998-ல் வந்த தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் உருப்படியானது. எந்த வேலைக்கு டெண்டர், யார் என்ன விலை போட்டார்கள், ஏன் இவருக்குக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் ஏட்டில் ஏறியே ஆக வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. பின்னாளில் மனுப் போட்டவர்கள் கேட்டு வாங்கிய தாள்களில் பல, இந்தச் சட்டம் இருந்ததால்தான் எழுதப்பட்டவை.

பிறகு 2005. நாடாளுமன்றம் மே மாதம் நிறைவேற்றிய தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) அக்டோபர் 12 அன்று முழுமையாக அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டுச் சட்டம் வழக்கொழிந்தது. புதிய சட்டத்தின் முதுகெலும்பு ராஜஸ்தான் கூலிக்காரர்களின் அனுபவம். ஏன் கேட்கிறாய் என்று கேட்கக்கூடாது, முப்பது நாளில் பதில் தர வேண்டும், தாமதித்தால் நகலுக்குக் காசு வாங்கக்கூடாது, காரணமில்லாமல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அந்த அலுவலரின் பையிலிருந்தே அபராதம். கடைசி விதிதான் கீழ்மட்ட அலுவலகங்களில் காற்று மாறியதை உணர்த்தியது. தபாலில் வரும் ஒரு வெள்ளைத்தாள் தன் சம்பளத்தைத் தொடும் என்பதை எந்த எழுத்தரும் அதற்கு முன் கண்டதில்லை.

வாழப்பாடி பேரூராட்சி, கூடவே தாலுகாவுக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் தலைமையிடம். சுற்றிலும் பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடும். புழுதிக்குட்டை ஆனைமடுவு அணையில் தண்ணீர் இருந்தால் வசிஷ்ட நதிக்கரையில் முகம் மலரும். இப்படிப்பட்ட ஊர்களில் ‘ஆர்டிஐ போடுவது’ எப்படி ஒரு தொழில்நுட்பமாக வளர்ந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வெள்ளைத்தாள் போதும், படிவம் தேவையில்லை. பத்து ரூபாய் கட்டணத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவின் தலைப்பில் ஒட்டும் பழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது. கோர்ட் பக்கத்து முத்திரைத்தாள் கடையில் வில்லை, எதிர்ப்பக்க ஜெராக்ஸ் கடையில் நகல், தபால் ஆபீஸில் 2025 வரை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு, கிராம ஊராட்சி என்றால் பெரும்பாலும் ஒன்றிய அலுவலகத்துக்கு. ஆள் மாறி அனுப்பினாலும் மனு செத்துப்போகாது. உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டும் என்று ஆறாவது பிரிவு சொல்கிறது.

சூட்சுமம் கேள்வியில்தான் இருக்கிறது. ஊர்க்காரர் மனதில் இருப்பது, “எங்க தெருவுக்கு மட்டும் ஏன் சாக்கடை கட்டல?” என்பது. அதை அப்படியே எழுதினால், காரணம் சொல்வது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒற்றை வரியில் பதில் வரும். அலுவலகத்தில் ஏற்கெனவே தாளில் இருப்பதைத்தான் சட்டம் தரச் சொல்கிறது. அடிபட்டுத் தெளிந்தவர்கள் அதே கோபத்தை வேறு விதமாக எழுதப் பழகினார்கள்: குறிப்பிட்ட நிதியாண்டில் வார்டு வாரியாக எடுத்த வடிகால் பணிகளின் தீர்மான நகல், மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்கள், இறுதிப் பட்டியல், எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல். ‘ஏன்’ என்ற சொல்லே மனுவில் இருக்காது. பதில் வந்தால், ஏன் என்பது தானே தெரிந்துவிடும்.

எம்-புக் கைக்கு வந்ததும் அடுத்த வேலை டேப் பிடிப்பது. சிமென்ட் சாலைக்கு நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்கிக் கன மீட்டரில்தான் பணம் போகும். நீளத்தையும் அகலத்தையும் யார் வேண்டுமானாலும் விடியற்காலையில் அளந்துவிடலாம். அங்கே பொய் எழுதுவது ஆபத்து. பணம் கரைகிற இடம் கனம். ஆறு அங்குலம் என்று எழுதிவிட்டு நான்கு போட்டால் மேலே நடப்பவருக்குத் தெரியுமா? இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. பணியை நேரில் ஆய்வு செய்யலாம், பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்டு வாங்கலாம் என்று இரண்டாவது பிரிவு சொல்கிறது. தாள் மட்டுமல்ல, சாலையின் ஒரு துண்டும் தகவல்தான். இந்த உரிமையைக் கேட்டுப் பெற்றவர்கள் குறைவு. இருப்பதாகவே பலருக்குத் தெரியாது.

மறுபக்கத்துச் சாமர்த்தியமும் கூடவே வளர்ந்தது. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்ற கணக்கில், கேட்காத பக்கங்களையும் சேர்த்து ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்லி மிரட்டுவது ஒன்று. அதற்கு மாற்று, கோப்பை நேரில் பார்க்கிறேன் என்று எழுதுவது. பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம். ‘ஆவணம் காணவில்லை’ என்பது இன்னொன்று. விலக்குகளைப் பட்டியலிடும் எட்டாவது பிரிவில் காணாமல் போவது என்று ஒரு விலக்கே கிடையாது. காணவில்லை என்றால் விசாரித்துப் பொறுப்பைக் கண்டறிய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது.

எல்லாவற்றிலும் மோசமானது சத்தமில்லாதது. காலையில் மனு சேர்ந்தால் மாலைக்குள் சம்பந்தப்பட்டவர் காதுக்கு மனுதாரர் பெயர் போய்விடும். “என்ன மாமா, எங்கிட்டயே கேட்டிருக்கலாமே, எதுக்குத் தபால்லாம்?” என்று சிரித்துக்கொண்டே ஒருவர் வந்து நின்றால், அந்தச் சிரிப்பில் உறவும் இருக்கும், எச்சரிக்கையும் இருக்கும். சென்னை மாநகராட்சிக்கு மனுப் போடுகிறவர் அந்த அலுவலர் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. இங்கே ஒப்பந்ததாரர், கவுன்சிலர், கேள்வி கேட்டவர் மூவரும் ஒரே கல்யாணப் பந்தியில் உட்கார வேண்டும். முகவரிக்குப் பதில் அஞ்சல் பெட்டி எண் போதும் என்று 2013-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. சின்ன ஊரில் அதனால் என்ன பயன்? கேள்வியைப் படித்தாலே எந்தத் தெருக்காரர் என்று சொல்லிவிடுவார்கள்.

மனுவையே பிழைப்பாக்கிக்கொண்டவர்களையும் மறைப்பதற்கில்லை. மனுப் போடுவது, ஒப்பந்ததாரரைப் பார்ப்பது, வாபஸ் வாங்குவது என்று ஒரு சில்லறைக் கூட்டம் எல்லா மாவட்டத்திலும் உண்டு. இவர்களைக் காட்டியே உண்மையாகக் கேட்பவரையும் ‘ஆர்டிஐ பார்ட்டி’ என்று ஒதுக்கிவிடுவது அலுவலகங்களுக்குச் சௌகரியமாகிவிட்டது. ஆனால் மடியில் கனம் இல்லாத ஒப்பந்ததாரர் இவர்களுக்கு ஏன் பணம் கொடுக்கப்போகிறார்?

மேலிருந்தும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 2008-ல் தமிழ்நாடு அரசு லஞ்ச ஒழிப்புத் துறையையே சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டது. காரணம் கேட்கக்கூடாது என்று ஆறாவது பிரிவு வெட்டவெளிச்சமாகச் சொல்லும்போது இது எப்படி என்று நாடே கேட்டது. ஒரு வாரத்துக்குள் நீதிபதிகள் தாங்களாகவே வழக்கை எடுத்து அந்தப் பத்திகளை நீக்கினார்கள். தவறைத் திருத்திக்கொண்ட வேகத்துக்காகப் பாராட்டலாம். இடைப்பட்ட அந்தச் சில நாளில், காரணம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்ப எத்தனை அலுவலகங்கள் கடிதம் தயார் செய்தனவோ!

உண்மையான சோதனை 2016-ல் வந்தது. அக்டோபர் 4 அன்று உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1986-ல் நடந்த தேர்தலுக்கு அடுத்தது 1996-ல்தான் என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். தனி அலுவலர்கள் வந்தார்கள். வாழப்பாடி ஒன்றியத்து ஊர்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. வாழப்பாடி பேரூராட்சிக்கோ 2022 பிப்ரவரி 19 வரை கவுன்சிலரே கிடையாது. ஐந்தாண்டுக்கும் மேலாக, “நம்ம வார்டு மெம்பர்கிட்ட சொல்லலாம்” என்ற பேச்சுக்கே இடமில்லை.

1991 முதல் 1996 வரை நீண்ட பழைய இடைவெளிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று தனி அலுவலரின் செலவைக் கேட்க ஊர்க்காரரிடம் எந்தக் கருவியும் இல்லை. இந்த முறை பத்து ரூபாய் வில்லை இருந்தது. மன்றத்தில் எதிர்க்கட்சிக் கவுன்சிலர் எழுந்து கேட்க வேண்டிய கேள்வியை ஜெராக்ஸ் கடையில் நின்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். சிக்கல் என்னவென்றால், செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே கட்டடத்தில், சில இடங்களில் ஒரே நாற்காலியில் இருந்தார்கள். முதல் மேல்முறையீடு அதே துறை மேலதிகாரியிடம். அதற்கும் மேலே சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். அங்கே வழக்கு எண் கிடைத்து விசாரணை வரும்போது அந்தச் சாலைக்கு மறுபடியும் ஒட்டுப் போட்டிருப்பார்கள். அபராதம் விதிக்க ஆணையங்கள் தயங்குகின்றன என்ற புகார் நாடு முழுக்க உண்டு. கவுன்சிலர் செய்ய வேண்டிய வேலையைச் சட்டம் பாதிதான் செய்தது. அந்தப் பாதியும் இல்லாமல் போயிருந்தால் அந்த ஐந்தாண்டுக் கணக்கில் ஒரு வரிகூட வெளியே வந்திருக்காது.

அண்மைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் அமலானது. பொதுக் காரியத்தோடு தொடர்புள்ள தனிநபர் தகவலை முன்பு இந்தப் பிரிவின்படியே கேட்கலாம். இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்க இடமிருக்கிறது. பொதுநலனுக்காகத் தரலாம் என்ற 8(2) மட்டும் மிச்சம். வீடு கட்டும் திட்டப் பயனாளிகள் பட்டியலோ கூலிப் பட்டியலோ பெயர்கள் இல்லாமல் என்ன பொருள் தரும்? கோட் கிரானாவில் உரக்கப் படித்தது பெயர்களைத்தான். பெயரை அழித்த மஸ்டர் ரோலை வைத்துக்கொண்டு யார் வேலைக்கு வரவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2025 ஜனவரி 5 அன்று, 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலமும் முடிந்தது. வாழப்பாடி ஒன்றியத்து ஊர்களில் மறுபடியும் தனி அலுவலர் ஆட்சி. இப்போது மனுப் போடுகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் வவுச்சரையும் எம்-புக்கையும் கேட்பதோடு நிற்பதில்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் அறிக்கை நகலையும் சேர்த்துக் கேட்கிறார்கள். தாங்கள் டேப் பிடித்துக் கண்டுபிடித்ததைத் தணிக்கையாளர் ஏற்கெனவே சிவப்பு மையில் எழுதி, அது கோப்பிலேயே தூங்கிக்கொண்டிருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தத் தணிக்கைத் தடைகள் எப்படி எழுகின்றன, எப்படி அடங்கிப்போகின்றன என்பது அடுத்த இதழில்.